அழுக்குத் தாங்கும் நிறம்

தமிழகத்துத் துணிக்கடைகளில் தலையணை உறையோ பள்ளிக் கால்சட்டையோ வாங்கும்போது தவறாமல் காதில் விழும் தொடர் ஒன்று உண்டு: "அழுக்குத் தாங்குற கலரா எடுங்க." மொழியியல் படிப்போருக்கு இந்த வினைச்சொல் கவனத்துக்குரியது. நிறம் அழுக்கை மறைப்பதாக இங்கே சொல்லப்படவில்லை, தாங்குவதாகச் சொல்லப்படுகிறது. பாரத்தைத் தாங்கும் தூண், அடியைத் தாங்கும் உடம்பு, துயரத்தைத் தாங்கும் மனம் ஆகியவற்றின் வரிசையில் அந்தப் பழுப்புத் துணியும் போய் நிற்கிறது. அழுக்கு இருக்கத்தான் செய்கிறது. துணி அதனால் தன் தோற்றத்தை இழக்கவில்லை.

இந்தத் தொடரைக் களப்பணி வாகனங்களுக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். குளிர்காலம் நெருங்குகிறது. தில்லியின் பல்கலைக்கழகங்களிலிருந்து மேவாத்துக்கும் ஆல்வாருக்கும் புந்தேல்கண்டுக்கும் ஆய்வுக் குழுக்கள் வாடகை வண்டிகளில் கிளம்பும் பருவம் இது. ஒலிப்பதிவுக் கருவி, மின்கலம், ஒப்புதல் படிவம், வினாநிரல் என்று நீளும் நம் பட்டியல்களில் வண்டியின் நிறம் இடம்பெறுவதே இல்லை. முட்புதர்களுக்கு நடுவே போய்வரப் போகும் வண்டி என்ன நிறம் என்று கேட்பவரைப் பார்த்து, திருமண ஊர்வலத்துக்கா வண்டி எடுக்கிறாய் என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் ஊர்வலத்துக்கு எடுப்பவருக்குத்தான் நிறம் ஒரு பொருட்டல்ல. எந்த நிறமானாலும் மாலைக்குள் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்துவிடலாம்.

நமக்கு அது பணப் பிரச்சினை. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் நெட் அல்லாத உதவித்தொகையில் முனைவர் பட்டம் செய்பவருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய். கன்டின்ஜென்ஸி என்று நாம் அழைக்கும் செலவுத் தொகை, கலை மற்றும் சமூக அறிவியல் துறைகளின் இளநிலை ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10,000 ரூபாய். நூல், நகல், பயணம், கருவி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டிக்குக் கட்டும் முன்பணம் பல இடங்களில் இந்த ஓராண்டுத் தொகையை எட்டிவிடுகிறது. திருப்பி ஒப்படைக்கும்போது கதவில் நான்கு கோடுகள் தெரிந்தால் அந்த முன்பணம் போயிற்று. கோடுகள் இருப்பது வேறு, தெரிவது வேறு என்பதால்தான் இந்தப் பதிவு நிறத்தைப் பற்றியதாகிறது.

முதலில் கீறல் ஏன் தெரிகிறது என்று பார்ப்போம். இன்றைய கார்களின் மேற்பூச்சு ஒரே படலம் அல்ல. இரும்புத் தகட்டின்மேல் துருத் தடுப்புப் படலம்; அதன்மேல் பெரும்பாலும் சாம்பல் நிறத்திலுள்ள பிரைமர்; அதன்மேல் நாம் பார்க்கும் வண்ணம்; எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் தடிமனுக்கும் குறைவு. முள் உரசும்போது பெரும்பாலும் காயப்படுவது இந்த மேல்தோல் ஒன்றே. உண்மையான நிறத்தை அது தொடுவதே இல்லை.

அப்படியானால் கோடு எங்கிருந்து வருகிறது? வழவழப்பான பரப்பு ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. கீறப்பட்ட பரப்பு அதை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. உடையாத கண்ணாடி ஒளி ஊடுருவுவதாகவும், அதே கண்ணாடியைப் பொடித்தால் வெண்பொடியாகவும் தோன்றுவது இதனால்தான். எனவே மேலோட்டமான கீறல் எந்த வண்டியிலும் வெண்மையாகவே பிறக்கிறது. கறுப்பு வண்டியில் அடிநிறம் ஒளியை விழுங்கிவிடுவதால், சிதறிய அந்தச் சிறு ஒளி ஒன்றே கண்ணுக்கு வந்து சேர்ந்து, கரும்பலகையில் சாக்கட்டி இழுத்ததுபோல் நிற்கிறது. வெள்ளை வண்டியில் அடிநிறமே எல்லாத் திசைகளிலும் வெண்ணொளியை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் கீறலின் பங்கு கலந்து கரைந்துபோகிறது. காடு என்றாலே பச்சை என்று எண்ணிக் கரும்பச்சை வண்டியைத் தேடுவோர் இதைக் கருத வேண்டும். புதரின் நிறத்தோடு வண்டியின் நிறம் ஒத்துப்போவதால் பயன் ஒன்றும் இல்லை; கீறலின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். கரும்பச்சை, கருநீலம், அடர்சிவப்பு ஆகிய யாவும் இவ்வகையில் கறுப்பின் உறவினர்களே.

ஆழமான கீறல் வேறு கதை. முள்ளுக்குப் பதில் முறிந்த கிளையோ கல்லோ கம்பிவேலியோ கிழித்தால் வண்ணப் படலம் போய்ப் பிரைமரின் சாம்பல் நிறம் வெளிவரும். இங்கே வெள்ளையின் பெருமை சற்றுக் குறைகிறது. வெள்ளையில் சாம்பல் கோடு தெரியும். வெள்ளி, வெளிர்சாம்பல், மணல்நிறம் ஆகியவற்றில் அது அடங்கிப்போகும். இரும்புவரை கிழிந்து ஒரு மழைக்காலம் கடந்தால் துரு வழிந்து செங்கோடு விழும். அதையும் வெள்ளை காட்டிக்கொடுக்கும், மணல்நிறம் ஓரளவு தாங்கும். மெட்டாலிக் பூச்சில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியத் துகள்கள் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மினுங்குவதால் மெல்லிய கோடுகள் அந்த மினுக்கத்தில் தொலைகின்றன. ஆனால் செப்பனிடும்போது அதே துகள்கள் பழிவாங்கும். தூரிகையால் தொட்டு வைத்தால் துகள்கள் வேறு வாக்கில் படிந்து, அந்த இடம் தேமல்போலத் தனித்துத் தெரியும். சாதாரண வெள்ளையில் தொட்டுவைத்த பூச்சு எளிதில் பொருந்திவிடும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் இடும் வரிசை: மணல்நிறம் அல்லது வெளிர்சாம்பல் முதலில், வெள்ளியும் வெள்ளையும் அதற்கு அடுத்து. மற்றவை வெகுதொலைவில். கறுப்பு கடைசி. வாடகைச் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது வெள்ளை என்பதால் நடைமுறையில் வெள்ளையைக் கேட்டு வாங்கினாலே போதுமானது.

தில்லியில் கறுப்பு வண்டி களத்துக்குப் போவதற்கு முன்பே கீறப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குடியிருப்புகளில் காலைதோறும் வண்டி துடைக்க வருபவரிடம் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் இருக்கும். பத்து வண்டிகளுக்கும் அதே துணி. இந்நகரத்தின் புழுதியில் குவார்ட்ஸ் உண்டு. கடினத்தன்மை அளவுகோலில் 7 ஆம் இடத்திலுள்ள கனிமம் அது. கிளியர் கோட் அதன்முன் வெண்ணெய். துடைக்கத் துடைக்க வட்ட வட்டமாக நுண்கீறல்கள் விழுந்து, வெயிலில் பார்த்தால் சிலந்திவலை படர்ந்ததுபோல் தோன்றும். துடைப்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. பத்து வண்டிகளுக்கும் தனித்தனித் துணியும் தண்ணீரும் தரும் குடியிருப்பு எதையும் நான் கண்டதில்லை.

தயாரிப்பாளர்களுக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. கரடுமுரடான பாதைக்கென்று விற்கப்படும் வண்டிகளின் சக்கர வளைவுகளையும் கதவின் அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே பூச்சே இல்லாத, சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பொருத்தியிருப்பார்கள். அதன் நிறம் மேற்பரப்பில் நிற்காமல் உள்வரை ஓடுகிறது. பளபளப்பும் இல்லாததால் உரசல் எளிதில் கண்ணில் படாது. அதாவது இடுப்புக்குக் கீழே பொறியாளர் முடிவெடுக்கிறார், இடுப்புக்கு மேலே விளம்பரத்துறை முடிவெடுக்கிறது.

அழுக்குத் தாங்கும் நிறத்தைத் தேடிய வரலாறு தில்லிக்குப் புதிதன்று. காக்கி என்னும் சொல் பாரசீக மொழியின் காக், அதாவது புழுதி என்பதன் அடியாகப் பிறந்தது; புழுதி நிறத்தது என்பதே அதன் பொருள். 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படைப்பிரிவின் உடையாக அது தொடங்கியது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. 1857 ஜூனில் அந்தப் படைப்பிரிவு நெடுந்தொலைவு நடந்து வந்து தில்லியின் ரிட்ஜ் குன்றில் முகாமிட்டிருந்த கம்பெனிப் படையோடு சேர்ந்துகொண்டது. அந்தக் கோடையில் வேறு பல படையினரும் தம் வெள்ளைச் சீருடைகளைத் தேநீரிலும் சேற்றிலும் தோய்த்து நிறம் மாற்றிக்கொண்டார்கள். உலகெங்கும் பரவிய ஒரு நிறப்பெயர் பரவலான வழக்குக்கு வந்த களங்களில் ஒன்று, இன்று தில்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகத்தை ஒட்டியிருக்கும் அதே குன்று. மாலை நடைக்குப் போகும் மாணவர்கள் அங்குள்ள குரங்குகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தகைய நிறத்தேர்வுகள் எல்லாம் அறிவுபூர்வமாக நடந்தன என்று கொள்ளவும் வேண்டாம். பின்னாளில் தில்லிக்குக் கடைசி வைசிராயாக வந்த மவுன்ட்பேட்டன், 1940இல் கடற்படை அதிகாரியாக இருந்தபோது, அந்தி வெளிச்சத்தில் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு நிறமே கண்ணுக்குத் தப்பும் என்று நம்பித் தம் போர்க்கப்பல்களுக்கு அதைப் பூசவைத்தார். பலன் ஐயத்துக்குரியது, பெயர் மட்டும் மவுன்ட்பேட்டன் பிங்க் என்று நிலைத்துவிட்டது.

படைகளைப் பற்றிப் பேசியதால் ஒரு சட்டக் குறிப்பு. முட்காட்டுக்கு மிகப் பொருத்தமான பூச்சு எது என்றால் இராணுவ ஜோங்காவிலும் ஜிப்சியிலும் நாம் பார்த்த மங்கலான ஆலிவ் பச்சைதான். அது நான் மேலே ஒதுக்கிய கரும்பச்சையின் இனமாயிற்றே என்று கேட்கலாம். வேறுபாடு பளபளப்பின்மையில் இருக்கிறது. ஒளியை ஏற்கெனவே சிதறடித்துக்கொண்டிருக்கும் பரப்பில் இன்னொரு சிதறல் உறுத்துவதில்லை. தூரிகையால் தொட்டுவைத்தாலும் ஒட்டு தெரிவதில்லை. ஆனால் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறது. ஏலத்தில் இராணுவ வண்டி வாங்குபவரும் நிறத்தை மாற்றித்தான் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நிறத்தின்மீது அரசுக்குத் தனியுரிமை இருப்பது சொற்பொருளியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படும்: எந்தப் பச்சையிலிருந்து எந்தப் பச்சைவரை ஆலிவ் பச்சை? சாலையோரத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் அந்த எல்லையைத் தம் கண்ணால் வகுக்க நேர்கிறது.

இனி முள்ளுக்கு வருவோம். தில்லி ரிட்ஜிலும் ஆரவல்லி அடிவாரங்களிலும் விலாயதி கீக்கர் என்று வழங்கப்படும் மரம், இராமநாதபுரத்துக் கண்மாய்க் கரைகளில் சீமைக் கருவேலம். இரண்டு பெயர்களும் ஒரே முறையில் அமைந்தவை. உள்ளூர்க் கருவேலத்தின் பெயரை எடுத்து, கடல்கடந்து வந்தது என்னும் அடைமொழியை முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். விலாயதிக்குச் சீமை நேர்நிகர். ஆங்கிலேயர் காலத்தில் நட்டுப் பரப்பப்பட்ட இம்மரத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது பலருக்கு நினைவிருக்கும். தாழ்ந்து கவிழும் கிளைகள் சரியாகக் கார்க் கதவின் உயரத்தில் நீண்டு நிற்கும். அதனோடு இலந்தைப் புதரின் கொக்கி முள்ளும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கத் தென்மேற்கில் புதர்கள் வண்டியில் இழுக்கும் இத்தகைய கோடுகளை அரிசோனா பின்ஸ்ட்ரைப் என்று கேலியாகச் சொல்வதுண்டு. கார்களுக்கு அழகுக்காகத் தீட்டும் மெல்லிய கோட்டின் பெயர் பின்ஸ்ட்ரைப். காசு கொடுக்காமல் கிடைத்த அலங்காரம் என்பது பொருள். வண்டி அவர்களுடையது, ஆகவே கேலி செய்கிறார்கள்.

கடந்த பிப்ரவரியில் நாங்கள் நால்வர் மேவாத்தி மொழித் தரவுக்காக நூஹ் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஐந்து நாள் பயணம் சென்றோம். வெள்ளை வண்டி வேண்டும் என்று எழுதித்தான் பதிவு செய்திருந்தோம். காலை ஆறு மணிக்கு வந்து நின்றது கறுப்பு. வேறு இல்லை என்றார்கள். கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்துக் கொண்ட வாடகை எண்பலகை அந்தக் கறுப்பு உடலோடு ஒன்றிப்போயிருந்தது. கடுகு வயல்களுக்கும் கீக்கர் வேலிகளுக்கும் இடையே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மண்பாதைகள். எதிரே டிராக்டர் வந்தால் வேலியோரம் ஒதுங்கியே ஆக வேண்டும்; டிராக்டர் ஒதுங்காது. ஐந்து நாளில் பதினோரு மணிநேர ஒலிப்பதிவு கிடைத்தது. திருப்பி ஒப்படைத்தபோது ஊழியர் ஒருவர் வண்டியைச் சுற்றிவந்து பதினேழு கோடுகளை எண்ணினார். பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தில் ஆயிரத்து ஐந்நூறு திரும்பிவந்தது. அந்தப் பதினேழில் விரல்நகத்துக்குத் தட்டுப்பட்டவை இரண்டே. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இப்படி நடப்பது ஒரு நிறுவனத்தில் மட்டுமன்று என்பதைத் துறை நண்பர்கள் பலரும் அறிவார்கள்.

என்னை உறுத்தியது அந்தப் படிவத்தின் மொழி. வண்டியின் கோட்டுப் படம் ஒன்று, அதன் கீழே ஸ்க்ராட்ச் என்று ஒரு கட்டம், டென்ட் என்று ஒரு கட்டம். ஸ்க்ராட்ச் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தூசித்துணி இழுத்த நுண்வரியும் இரும்பைத் தொட்ட வெட்டும் ஒரே விலையில் அடைக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தத்தில் வழக்கமான தேய்மானத்துக்குக் கட்டணம் இல்லை என்ற வரியும் இருந்தது. எது தேய்மானம், எது ஸ்க்ராட்ச் என்பதற்கு அதில் வரையறை இல்லை. வரையறை இல்லாத இடத்தில் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே பொருளாகிறது.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. மேல்தோல் மட்டும் உரிவது சிராய்ப்பு. கூர்முனை கோடு இழுப்பது கீறல். ஆறிய பின்னும் நிலைத்துநிற்பது தழும்பு, வடு. உடம்புக்கு வகுத்த இந்தச் சொற்கள் வண்டிக்கும் அப்படியே பொருந்துகின்றன. பட்டறையில் செய்யும் வேலையும் ஏறத்தாழ இப்படியே பிரிகிறது. சிராய்ப்புக்குப் பாலிஷ் போதும். கீறலுக்குத் தொட்டுவைக்க வேண்டும். தகடு நெளிந்திருந்தால் டிங்கர் வேலை. கரோல் பாக்கில் டென்டிங் பெயின்டிங் கடை வைத்திருக்கும், எல்லோரும் உஸ்தாத் என்று அழைக்கும் முதியவர் ஒருவரிடம் கேட்டேன். "நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் நிற்காமல் போனால் அது என் வேலை இல்லை, மெழுகின் வேலை" என்றார். இதைவிடத் தெளிவான செயல்முறை வரையறையை நான் ஆய்வுமுறையியல் வகுப்பிலும் கேட்டதில்லை. அளவுகோல் எல்லோர் கையிலும் இருக்கிறது. சோதனையை யார் செய்தாலும் பெரும்பாலும் ஒரே முடிவு வரும்.

நிறப்பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். விற்பனையகத்தில் கிடைக்கும் அட்டையில் பாலைவனம், கற்பாறை, நள்ளிரவு, சீற்றம் என்று நிலப்பரப்பும் மெய்ப்பாடும் கலந்த பெயர்கள் இருக்கும். நிறம் எது என்பது மட்டும் இருக்காது. பெர்லினும் கேயும் 1969இல் வெளியிட்ட அடிப்படை நிறச்சொல் ஆய்வு, மொழிகள் முதலில் கருமை வெண்மையையும், அடுத்துச் செம்மையையும், பின்னர் பச்சை மஞ்சள் நீலங்களையும், மிகப் பிந்தியே பழுப்பு சாம்பல் போன்றவற்றையும் தனிச்சொற்களால் குறிக்கின்றன என்று வாதிட்டது. அந்த வரிசைமீது எழுந்த விமர்சனங்கள் ஒருபுறம் இருக்கட்டும். நம் பேச்சுக்குரிய மங்கல் நிறங்கள் பல மொழிகளில் பொருள்களிடமிருந்தே பெயரைக் கடன்வாங்குகின்றன என்பது கண்கூடு. தமிழில் சாம்பல் சாம்பலிலிருந்து வந்தது. பழுப்பு முற்றிப் பழுத்த இலையிலிருந்து. இந்தியில் இன்னும் நேர்மையான ஒரு சொல் உண்டு: மட்மைலா. மண்ணும் அழுக்கும் சேர்ந்த நிறம் என்று பிரித்துப் பொருள்கொள்ளலாம். முட்பாதைக்கு உகந்த பூச்சின் மிகத் துல்லியமான பெயர் இதுவே. இந்தப் பெயரில் இருபது இலட்ச ரூபாய் வண்டியை விற்க எந்த நிறுவனமும் துணியாது. ஆகவே அதே நிறம் ஏதோ ஒரு பாலைவனத்தின் பெயரில் கடைக்கு வருகிறது, அல்லது வராமலே போகிறது.

தொல்காப்பிய உரியியலில் கறுப்பும் சிவப்பும் நிறத்தை உணர்த்துவதோடு வெகுளியையும் உணர்த்தும் என்று சொல்லப்பட்டிருப்பதை அறிவீர்கள். ஒப்படைப்பு நாளன்று அந்தக் கறுப்பு வண்டியின் அருகில் நின்றபோது இரண்டு பொருளும் ஒருசேரப் பொருந்தின.

மறுப்புகள் வரும். ஒளிபுகும் பாதுகாப்புப் படலம் ஒட்டிக்கொள்ளலாமே என்பார்கள். நல்ல பொருள்தான், மெல்லிய கீறல்கள் வெயில்சூட்டில் தாமே மூடிக்கொள்ளும் வகைகளும் உண்டு. சொந்த வண்டி வைத்திருப்போருக்கும் பணம் இருப்போருக்கும் அது சரி. தொழிற்சாலையிலிருந்தே பளபளப்பற்ற மேட் பூச்சோடு வரும் வண்டிகளை வாங்கலாமே என்பார்கள். அதில் கீறல் விழுந்தால் பாலிஷ் போட முடியாது. தேய்த்த இடம் பளபளத்துத் திட்டாக நிற்கும். கீறலைத் தாங்கும் பூச்சு என்பதைவிடச் செப்பனிட முடியாத பூச்சு என்று அதைச் சொல்வதே பொருந்தும். நிறத்தையே மாற்றிவிடலாம் என்றால் பதிவுச் சான்றிதழிலும் மாற்ற வேண்டும். போக்குவரத்து அலுவலகத்துக்கு அலையும் நேரத்தில் ஓர் இயல் எழுதிவிடலாம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. தில்லியில் டீசல் வண்டிகளின் ஆயுளைப் பத்தாண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் வரையறுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பத்தாண்டில் வெளியேற வேண்டிய பொருளுக்குப் பூச்சின் அழகு எதற்கு என்று கேட்கலாம். இதில் ஒரு தடுமாற்றம் இருக்கிறது. தில்லியில் ஆயுள் முடியும் வண்டி பல நேரங்களில் பிற மாநிலங்களுக்கு விற்கப்படுகிறது. அப்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது வெளித்தோற்றத்தை. மறுவிற்பனை விலையை மனத்தில் வைத்தே வாடகை நிறுவனம் கோடுகளை எண்ணுகிறது. ஆக, ஆயுள் குறைந்திருப்பது கோடுகளின் மதிப்பைக் கூட்டுகிறது. அந்தக் கணக்கில் கட்டணம் செலுத்துபவர் இடையில் ஐந்து நாள் ஓட்டிய மாணவர்.

குருகிராம், ஃபரீதாபாத் பக்கத்து ஆரவல்லிக் குன்றுகளில் வார இறுதியில் பொழுதுபோக்காக ஜீப் ஏற்றுவோரையும் இந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். சேர்க்க விருப்பமில்லை. அந்தப் பகுதியில் சுரங்கத் தொழிலை உச்ச நீதிமன்றம் 2009இல் நிறுத்திவைத்தபோது மிஞ்சியது ஏற்கெனவே குடையப்பட்ட மலை. அதன் மேல்மண்ணில் சக்கரங்கள் போடும் தடத்தை எந்த நிறமும் தாங்காது. அடுத்த மழை அந்தத் தடத்தையே ஓடையாக்கிக்கொள்ளும். நாம் போகும் பாதையின் முடிவில் ஓர் ஊர் இருக்கிறது, அந்த ஊரில் பேச்சைத் தரவாகத் தரும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாள்தோறும் போய்வரும் பாதை அது. அவர்கள் வண்டிகளிலும் இதே கோடுகள் உண்டு. எண்ணிப் பார்ப்பவர்தான் இல்லை.

துறைகளின் கொள்முதல் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக்கென்று வண்டி வாங்கும் அரிய வாய்ப்பு வந்தால் கம்பீரத்துக்காகக் கறுப்பை வாங்காதீர்கள். வெள்ளை அம்பாசிடர் அதிகாரத்தின் அடையாளமாக இருந்த நகரம் இது. வெள்ளையால் யாருடைய மதிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. மணல்நிறம் கிடைத்தால் இன்னும் நல்லது. வாடகைக்கு எடுப்பதானால் துறையின் பெயரில் ஒப்பந்தம் செய்யுங்கள். முன்பணம் மாணவரின் வங்கிக் கணக்கிலிருந்து போக வேண்டியதில்லை.

நண்பர்களுக்கு: வண்டியை எடுக்கும்போது நண்பகல் வெயிலில் படம் எடுக்காதீர்கள். நிழலில் நிறுத்தி, கைபேசி விளக்கைக் கதவுக்குச் சாய்வாகப் பிடித்துப் படம் எடுங்கள். சாய்ந்து விழும் ஒளியில்தான் பழைய கீறல்கள் எழுந்து நிற்கும். ஊழியரின் முன்னிலையில் எடுங்கள். வெள்ளை கேட்டுக் கறுப்பு வந்தால், மாற்று வண்டி நிறுவனத்தின் முடிவு என்பதை அதே இடத்தில் மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். தேய்மானம் என்பதை நகச் சோதனையால் வரையறுக்கும் ஒரு பத்தியை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, துறையில் படிக்கும் சட்ட மாணவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இணைக்கலாம். இதுவரை இரண்டு வாடகைக் கடைகள் ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கின்றன, ஒன்று மறுத்துவிட்டது. டிசம்பரில் கிளம்புவோர் உள்பெட்டியில் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.